வைசர்

முதலில் தேய்க்கக் கூடாது.
பழைய பனியனை நனைத்துப் பிழிந்து
வைசர்மேல் போர்த்தி
பத்து நிமிஷம் விட வேண்டும்,
அரிசி கொதி வருகிற நேரம்.
ஒட்டிக் காய்ந்த பூச்சிகள்
ஊறி, மனசு மாறி, தாமாக இளகும்.

பிறகு அஷ்மிக்கு வாங்கிய ஷாம்பு, ஒரு சொட்டு.
கண்ணில் பட்டால் எரியாதென்று
குப்பியில் போட்டிருக்கிறார்கள்.
கண்ணுக்கு முன்னால் நிற்பதற்கும் அதுவே போதும்.
தாருப் புள்ளிக்குத் தேங்காயெண்ணெய்,
நகம் படாமல்.
கீறலுக்கு வெள்ளைப் பேஸ்ட். ஜெல் ஆகாது.

அலமாரிக் கண்ணாடிக்கு அடிக்கிற நீலத் தண்ணீரைத்
தொடவே கூடாது.
அவருடைய முதல் ஹெல்மெட்டை
அப்படித்தான் கெடுத்தேன்.
புரை விழுந்த கண்போல வெளுத்துவிட்டது.
ஜெஸ்டின் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"அமோனியாவாக்கும் இது.
பாலு ஒறையாம இருக்க டிரம்முல ஊத்துவோம்லா,
எங்க ஆபீஸு முழுக்க இந்த மணந்தான்."

பதினொரு வருஷம்
திங்கள்சந்தையிலிருந்து வடக்கே
குலசேகரத்துக்குப் போய் வந்த வண்டி.
அந்த வைசரை வாசிக்க எனக்குத் தெரியும்.
ரப்பர் தோட்டத்துப் பச்சைப்பூச்சி.
மழைநாளில் செம்மண் தெறிப்பு.
எப்போதாவது ஓர் ஈசல் சிறகு,
ஓரத்தில் ஒட்டிய தபால்தலை மாதிரி.

இந்த மாசம் பூச்சி இல்லை.

வெயிலாக இருக்கும் என்று முதல்நாள் விட்டுவிட்டேன்.
மறுநாள் மெல்லிய வெள்ளைப் படலம்.
புகையில்லை, தூசியில்லை.
விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.
தினமும் குழம்புக்குப் பார்க்கிற நாக்கு,
அதற்குத் தப்பாது.
உப்பு.
சுற்றியிருந்த ரப்பர் பட்டையின் இடுக்கில்
ஏதோ மினுங்கியது.
மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல்.
அது கீறும்.
துணி வைக்காமல் குழாயடியில் காட்டி
ஓடவிட்டேன்.

குலசேகரத்தில் கடல் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
காலையில் சோற்றுப்பாத்திரம் கொடுத்தனுப்பினேன்,
சாயங்காலம் காலியாகத்தான் வந்தது.
சட்டையில் மட்டும் பால் மணம் இல்லை.
மாசக்கடைசி வந்தது, சம்பளமும் வந்தது,
என் வளையல் ரெண்டு
அலமாரியில் இல்லை.
அதையும் கேட்கவில்லை.
பதினாறு நாள்
வெளிப்பக்கத்து உப்பை மட்டும் கழுவினேன்.

நேற்று உள்பக்கம்.
பாத்திரச் சோப்பை மெலிசாகப் பூசி,
கழுவாமல், காய்ந்த துணியால் ஒற்றிவிட்டால்
மூச்சுக்கு மங்காது.
இது நானே கண்டுபிடித்தது.
சோப்பைத் தொட்ட விரல் அப்படியே நின்றது.
உள்ளே, வட்டம் வட்டமாக,
ஐந்தோ ஆறோ காய்ந்த சொட்டுகள்.
அலை தெறித்தால் தூவலாக இருக்கும்.
இது சொட்டு.
ஹெல்மெட்டை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு
குனிந்து உட்கார்ந்திருந்தால்தான்
அந்த இடத்தில் விழும்.

இதை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

பூசினேன். ஒற்றினேன்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றில்
கிளிப்புகளைக்கூட எண்ண முடிந்தது.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்:
"முட்டத்துல சாளை என்ன வெல?"

பிசைந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.
அஷ்மி அப்பளத்தை நொறுக்கினாள்.
சுவரில் பல்லி ஒருதடவை சொல்லி நிறுத்தியது.

"வெல கேக்கல்ல," என்றார்.
"பாறையில சும்மா இருந்துட்டு வருவேன்."

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.
போதும் என்று கை காட்டினார்,
நான் நிறுத்தவில்லை.

"நாளைக்குக் கேட்டுப் பாருங்க," என்றேன்.
"ஒரு கூறு எடுத்துட்டும் வாருங்க.
வைசரைத் தொறந்து போட்டுட்டே
வண்டி ஓட்டலாம்."